மதுரைக்கு எந்த லென்ஸ்?

சென்ற விடுமுறையில் உம்மம்மாவின் கண் வைத்தியத்துக்காக மதுரைக்குப் போவதென்று வீட்டில் முடிவானது. இரண்டு கண்களிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. பாலையூற்றில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று சலாம் சொன்னால், குரலை வைத்துத்தான் ஆள் இன்னார் என்று கண்டுபிடிப்பார். வாப்பா, உம்மா, உம்மம்மா, நான் என்று நாலு பேருக்கும் விமானச் சீட்டு எடுத்தாயிற்று. எங்கள் நாலு பேருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

உம்மம்மாவின் படங்களை நன்றாக எடுத்து வர வேண்டும் என்ற பொறுப்பு எனக்கு வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவில் இருந்த அவரது வீட்டுக்குள் கடல் வந்தபோது, அலுமாரியின் அடித்தட்டில் இருந்த அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அவரது கலியாணப் படம், அவருடைய உம்மாவின் ஒரே படம், என் உம்மாவின் சின்ன வயதுப் படங்கள், எதுவுமே மிஞ்சவில்லை. நான் அப்போது பிறந்திருக்கவுமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாராவது படம் எடுக்கும்போதெல்லாம் அந்த அலுமாரியின் கதை ஒருமுறை வந்துவிட்டுத்தான் போகும்.

கத்தாரில் வேலை செய்யும் சாச்சா, தான் பாவித்த கெனன் கமராவை எனக்குத் தந்திருந்தார். அதனுடன் மூன்று லென்ஸ்கள். 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை போகும் சூம் ஒன்று. 75 முதல் 300 வரை போகும் நீளமான சூம் ஒன்று. 50 மில்லிமீற்றரில் மட்டும் நிற்கும், சூம் இல்லாத சின்ன லென்ஸ் ஒன்று. எங்கள் சீட்டில் கைப்பொதி ஆளுக்கு 7 கிலோகிராம். உம்மம்மாவின் மருந்துகள், பழைய வைத்திய அறிக்கைகள், உம்மா கட்டிய சாப்பாடு எல்லாம் போக எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். மூன்றையும் கொண்டு போகப் போகிறேன் என்று நான் சொன்னதும் வாப்பா, "அப்பிடியெண்டா உன்ட உடுப்பக் குறை" என்றார். அன்றுதான் லென்ஸைப் பற்றி உண்மையாகப் படிக்கத் தொடங்கினேன். பயணம் போகும் மற்றவர்களுக்கும் உதவலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீற்றர் என்பது குவியத் தூரம். பௌதிகவியல் பாடத்தில் நாம் கதிர் வரைந்து காண்கிற அதே குவியத் தூரந்தான். அது குறையக் குறையக் காட்சி அகலும், கூடக் கூடக் காட்சி ஒடுங்கும். எவ்வளவு அகலும் என்பதைச் சாதாரண தரத்தில் படித்த இயல்பொத்த முக்கோணிகளை வைத்தே கண்டுகொள்ளலாம். கமராவுக்குள் படம் விழும் சென்சரின் அகலம் எனது கமராவில் 22.3 மில்லிமீற்றர். ஆகவே படத்தில் அடங்கும் அகலம் வேண்டுமானால், நாம் நிற்கும் தூரத்தை 22.3ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால் சரி. அகலம் தெரிந்து, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அறிய விரும்பினால் இதைத் திருப்பிப் போட வேண்டும். மிக அண்மையில் எடுக்கும் படங்களுக்கு இது சரிவராது. ஓர் அறைக்கும் ஒரு தெருவுக்கும் தாராளமாகப் போதும்.

இதை வீட்டிலேயே சோதித்தேன். எங்கள் மண்டபத்தில் கதிரைகளில் ஐந்து பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய 3 மீற்றர் அகலம் வரும். 18 மில்லிமீற்றரில் எடுக்க 2.4 மீற்றர் தள்ளி நின்றால் போதும். 50 மில்லிமீற்றரில் எடுக்க 6.7 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் போனால் நான் நிற்பது வாசலுக்கு வெளியே, றோட்டில். 300 மில்லிமீற்றரைக் கணக்குப் பார்த்தேன், 40 மீற்றர். அது நாலாவது வீட்டுக்காரரின் கிணற்றடி.

அப்படியானால் 18தான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 18 மில்லிமீற்றரில் ஒரு முகத்தை மட்டும் படம் முழுக்க நிரப்ப வேண்டுமானால் மிகக் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்னால் ஒதுங்கியும் தெரியும். என் தங்கச்சியை அப்படி எடுத்துக் காட்டியபோது இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை. இதில் லென்ஸின் பிழை ஒன்றுமில்லை. ஒரு முழத்துக்குள் போய்ப் பார்த்தால் நம் கண்ணுக்கும் மூக்குத்தான் முன்னால் நிற்கும். முகம் முகமாகத் தெரிய ஒன்றரை மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். அங்கே நின்றபடி முகத்தைப் பெரிதாக எடுக்க 50 பொருத்தமானது.

அடுத்து வெளிச்சம். லென்ஸின் விளிம்பில் 1:1.8 என்றோ 1:4-5.6 என்றோ எழுதியிருக்கும். குவியத் தூரத்தை, ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் அது. சொல்லும்போது எஃப் 1.8, எஃப் 5.6 என்று சொல்வார்கள். எண் சிறிதானால் துவாரம் பெரிது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன் என்பதால், 5.6ஐ 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 9.7 வரும். அதாவது என் சின்ன 50 மில்லிமீற்றர் லென்ஸ், சூமை 55இல் வைத்தால் கிடைக்கும் வெளிச்சத்தைப் போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. சூமில் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டிய இடத்தில், இதில் நூறில் ஒரு பங்கு போதும். பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மூச்சு விட்டாலே படம் கலங்கிவிடும். ஒற்றை மின்குமிழ் எரியும் அறையில் வயதானவர் ஒருவரைப் பிளாஷ் அடிக்காமல் எடுக்க வேண்டியிருந்த எனக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பத்து மடங்குதான் பெரிதாகப் பட்டது. சத்திரசிகிச்சை செய்த கண்ணுக்கு முன்னால் பிளாஷ் அடிக்கும் எண்ணமே எனக்கு இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. துவாரத்தை முழுவதும் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறுகிவிடும். ஒரு மீற்றர் தூரத்தில் 50 மில்லிமீற்றர் லென்ஸை எஃப் 1.8இல் வைத்தால், அந்த ஆழம் மூன்று சென்ரிமீற்றருக்கும் குறைவு. கண் தெளிவாக இருக்கும், காது கலங்கியிருக்கும். ஒருவர் முகத்தைச் சற்றே திருப்பினால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். எஃப் 4க்குக் கொண்டுவந்தால் ஆறு சென்ரிமீற்றர் கிடைக்கும். வெளிச்சம் இருந்தால் அங்கேதான் வைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 300ஐ விட்டுப் போக எனக்கு மனமில்லை. பெரிய லென்ஸைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் பெரிய படப்பிடிப்பாளர் போலத் தோன்றும் என்ற ஆசையும் இருந்தது, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாப்பாவுடன் பிரெட்ரிக் கோட்டைக்குக் கொண்டுபோனேன். அங்குள்ள மான்களைத் தூரத்திலிருந்து எடுக்கலாம் என்ற திட்டம். மான்களோ எங்கள் பையில் தின்ன ஏதும் இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்க வந்துவிட்டன. 300இல் ஒரு காதுதான் படத்தில் அடங்கியது. பிறகு கடற்கரைக்கு இறங்கி, காற்று அடிக்கிற இடத்தில் நின்றபடியே லென்ஸைக் கழற்றி மாற்றினேன். அன்றிலிருந்து எடுத்த எல்லாப் படத்திலும் வானத்தின் மேல்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. சென்சரில் மணல் துகள். சுத்தம் செய்யக் கொடுத்த காசு என் இரண்டு மாத ரியூசன் காசு. கடற்கரையில், அதுவும் உப்புக் காற்றில், லென்ஸை மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

நீளமான லென்ஸில் கை நடுக்கமும் பெரிதாகும். கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் நேரம், குவியத் தூரத்தை 1.6ஆல் பெருக்கி வரும் எண்ணின் தலைகீழை விடக் கூடாது என்பது என் போன்ற சிறிய சென்சர் கமராக்களுக்கு வழக்கிலுள்ள கணக்கு. 300க்கு அது ஒரு செக்கனில் 480இல் ஒரு பங்கு. நடுப்பகல் வெயிலில் சரி. கட்டடத்துக்குள் சாத்தியமே இல்லை. என் 75-300இல் நடுக்கத்தைக் குறைக்கும் வசதியும் கிடையாது. நிறை 480 கிராம். 50 மில்லிமீற்றர் லென்ஸ் 160 கிராம்.

300ஐ விட்டுப் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது கணக்கில் வராதது. அந்த லென்ஸால் ஒருவருக்குத் தெரியாமலே அவர் முகத்தை எடுக்கலாம். நாங்கள் போவதோ நோயாளிகள் நிறைந்த இடத்துக்கு. கண்ணில் கட்டுடன் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெண், தன்னை ஒரு பிள்ளை தூரத்திலிருந்து படம் பிடிக்கிறாள் என்று அறியாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களையும் யாரும் அப்படி எடுப்பதை நாம் விரும்ப மாட்டோம். 50இல் எடுக்க வேண்டுமானால் கிட்டப் போக வேண்டும். கிட்டப் போனால் கேட்டுத்தான் எடுக்க முடியும்.

அப்படியானால் அகலக் காட்சிக்கு என்ன செய்வது? இதற்கு விடை உம்மாவின் கைப்பையிலேயே இருந்தது. பெரும்பாலான தொலைபேசிகளின் பிரதான கமரா காட்டும் அகலம், என் கமராவில் 16 மில்லிமீற்றர் காட்டும் அகலத்துக்குக் கிட்டத்தட்டச் சமன். கட்டடம், தெரு, குடும்பமாக நிற்கும் படம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். தொலைபேசிக்குச் சிரமமானவை இரண்டு. ஒன்று, இருட்டில் அசையும் முகம். மற்றது, தள்ளி நின்று எடுக்கும் முகம். அந்த இரண்டுக்கும் 50 இருக்கிறது. ஆகவே கமராவையும் 50ஐயும் மட்டும் எடுத்துக்கொண்டேன். 18 முதல் 200 வரை ஒரே லென்ஸில் போகும் வகைகளும் கடைகளில் உண்டு. வெயிலில் சுற்றுலாப் போகிறவர்களுக்கு வசதி. சூமை நீட்டினால் அவையும் எஃப் 5.6க்குப் போய்விடும் என்பதால் எனக்கு அவற்றில் ஆசை வரவில்லை. உம்றாவுக்குப் போகும் பெற்றோர் யாராவது என்னிடம் கேட்டால் தொலைபேசியே போதும் என்பேன். அவ்வளவு சனத்துக்குள் லென்ஸைப் பற்றி யோசிக்கவும் நேரமிருக்காது, யோசிக்கவும் கூடாது.

கமராவுடன் கடல் கடந்து போவது புதிதல்ல. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணி தனது 48ஆவது வயதில்தான் முதல் கமராவைக் கையில் எடுத்தார். 1866இல் அவர் வாங்கிய டால்மேயர் லென்ஸின் குவியத் தூரம் 30 அங்குலம், அதாவது 762 மில்லிமீற்றர். சென்சருக்குப் பதிலாக 15க்கு 12 அங்குலக் கண்ணாடித் தட்டு என்பதால் அந்த நீளம் தேவைப்பட்டது. 1875இல் அவர் குடும்பத்துடன் இலங்கைக்கு வந்துவிட்டார். களுத்துறையில் 1877இல், ஓவியரான மரியான் நோர்த்தைப் படம் எடுத்தார். 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய படங்கள் துல்லியமாக இல்லை என்று அக்காலத்துப் படப்பிடிப்பாளர்கள் குறை சொன்னார்கள். இன்று நூதனசாலைகள் அவற்றைப் பாதுகாக்கின்றன.

அவருக்கும் எண்ணூறு வருடங்களுக்கு முன்னர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து ஒளி புறப்படுவதில்லை, பொருளிலிருந்து வரும் ஒளிதான் கண்ணுக்குள் நுழைகிறது என்று தனது கிதாபுல் மனாழிர் நூலில் நிறுவினார். இருட்டறையின் சிறு துளை வழியே வெளிக் காட்சி தலைகீழாக விழுவதை ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். இதை நான் பரீட்சைக்காகப் படித்து மறந்திருந்தேன். மதுரையில்தான் திரும்ப ஞாபகம் வந்தது.

நாங்கள் போனது அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. 1976இல் டொக்டர் ஜி. வெங்கடசாமி 11 கட்டில்களுடன் தொடங்கியது அது. புரை என்பது கண்ணிலுள்ள இயற்கை வில்லை மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை ஒன்றை வைப்பார்கள். அதன் கதையும் சுவையானது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடி உடைந்து விமானிகளின் கண்களுக்குள் போன பிளாஸ்ரிக் துண்டுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடப்பதை ஹரல்ட் ரிட்லி என்ற ஆங்கில வைத்தியர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்ரிக்கில் வில்லை செய்து 1949இல் லண்டனில் முதன்முதலாக ஒருவர் கண்ணில் வைத்தார். வெளிநாட்டு வில்லைகள் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் அரவிந்த் நிறுவனத்தினர் மதுரையிலேயே அவுரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி மிகக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கினார்கள்.

நம் இயற்கை வில்லை, தூரத்துக்கும் கிட்டவுக்கும் ஏற்பத் தடிப்பை மாற்றிக்கொள்ளும். வழக்கமாக வைக்கும் செயற்கை வில்லை மாற்றாது. என் 50 மில்லிமீற்றர் போல அது ஒரே நிலையில் நிற்பது. ஆகவே கண்ணை அளந்துவிட்டு, தூரம் தெளிவாக வேண்டுமா, கிட்டத் தெளிவாக வேண்டுமா என்று கேட்பார்கள். தூரத்தைத் தெரிந்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும். கிட்டத்தைத் தெரிந்தால் வெளியே போகக் கண்ணாடி வேண்டும். உம்மம்மா ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு ஓதுகிறவர். கிட்டத்தைத்தான் கேட்பார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"ஓதக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் மகள்" என்றார் உம்மாவிடம். "வாசல்ல ஆரு வாறாண்டு தெரியோணும். சலாம் சொல்றவங்கட முகத்தப் பார்த்துப் பதில் சொல்லோணும்."

வில்லையின் வலுவை டயொப்டரில் குறிப்பார்கள். மீற்றரில் எடுத்த குவியத் தூரத்தின் தலைகீழ் அது. கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளின் வலு பலருக்கு 20ஐ அண்டியே வரும். என் கமரா லென்ஸின் 50 மில்லிமீற்றரை 0.05 மீற்றராக எழுதித் தலைகீழாக்கினேன். 20. கண் திரவத்துக்குள் இருப்பதால் குவியத் தூரம் இரண்டுக்கும் ஒன்றாகாது, ஆனாலும் அந்த எண்ணை மருத்துவமனை வாங்கில் இருந்து கொப்பியில் எழுதியபோது எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்த பிறகு, நாங்கள் தங்கியிருந்த அறை யன்னலோரம் உட்காரவைத்து, அவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன். எஃப் 2.8. ஒன்றரை மீற்றர். கையையும் தனியாக எடுத்தேன், அந்தக் கைரேகைகள் எனக்கு வேண்டும். பிறகு படத்தைக் கமராத் திரையில் பெரிதாக்கிக் கையை நீட்டித் தூரப் பிடித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கட உம்மாவெல்லவா" என்றார்.

பல வருடங்களாகக் கண்ணாடியில் தன் முகத்தைத் தெளிவாகப் பார்த்திராதவர். இந்த இடைவெளியில் அவர் தன் உம்மாவின் வயதுக்கு வந்துவிட்டிருந்தார். கடல் கொண்டுபோன அந்த ஒரே படத்தில் இருந்த முகம் எப்படியிருந்தது என்று எங்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. உம்மா அழுதார். அழ வேண்டாம், கண்ணுக்கு மருந்து விடுகிற நேரம் தானும் அழ வேண்டி வரும் என்று உம்மம்மா ஏசினார்.

300ஐ விட்டுப் போனதற்கு ஒரேயொரு இடத்தில் வருந்தினேன். வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் 300 மீற்றர் வரை நீளம். அதன் நடு மண்டபம் கரையிலிருந்து ஏறக்குறைய 150 மீற்றரில். 50இல் அந்தத் தூரத்தில் 67 மீற்றர் அகலம் அடங்கும் என்பதால் மண்டபம் சின்னதாய் விழுந்தது. திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் 300 மில்லிமீற்றரில் 11 மீற்றர்தான் அடங்கியிருக்கும், அதுவும் மண்டபத்தை வெட்டியிருக்கும். 75இல் வைத்திருந்தால் சரி. மீனாட்சி அம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் 170 அடி, அதாவது 52 மீற்றர். 18இல் எடுக்கவே 42 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். தெருவில் இருந்தபடி உம்மாவின் தொலைபேசியில் எடுத்தேன், நன்றாக வந்தது.

போகிறவர்களுக்கு இன்னும் சில. உபரி பற்றரிகளைக் கைப்பொதியில்தான் வைக்க வேண்டும், பெரிய பொதிக்குள் போடக் கூடாது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். பத்து இருபது நிமிடம் பைக்குள்ளேயே வைத்துவிட்டு எடுங்கள், துடைத்துத் தேய்க்காதீர்கள். திருகோணமலைக் காற்றில் தோல் உறையில் போட்டு அலுமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க, சூமை ஒரே எண்ணில் வைத்து, திருப்பாமல் படம் எடுத்துப் பாருங்கள். எந்த எண் உங்களுக்குக் குறைகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

உம்மம்மாவின் படத்தை மூன்று பிரதி அச்சடித்தோம். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று கிண்ணியாவில் பெரியம்மா வீட்டில், ஒன்று சாச்சாவுக்குக் கத்தாருக்கு. எங்கள் பிரதி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இடது கண்ணுக்கு அடுத்த வருடம் போக வேண்டும்.

75-300 வீட்டில் சும்மாதான் கிடக்கிறது. திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிற யாருக்காவது வேண்டுமென்றால் வகுப்புக்கு வந்து கேளுங்கள், தருகிறேன். படகில் வைத்துக் கழற்றக் கூடாது.